டேங்கு மாமாவின் உடுப்பு

சைக்கிள் பஞ்சர் கடையில் ட்யூபின் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டிவிட்டு விரலால் தடவுவார்களே, அந்த 'சொல்யூஷன்', அதன் வாசனை மூக்கில் ஏறினால் போதும், நான் வண்டியை நிறுத்திவிட்டு வேலையில்லாதவள் மாதிரி அங்கேயே நின்றுவிடுவேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்கிற இடத்தில் நான் மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு ஏதோ கெட்ட பழக்கம் போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்திருக்கக்கூடும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான் அடித்தது, அதோடு புது ரெக்சினின் வாசனையும், சூடு காட்டிய கத்தியால் ஃபோமை வெட்டும்போது எழுகிற கருகலும் கலந்திருந்தன. அந்த வருஷம் என் அண்ணன் ஸ்டீபனும் அம்மாவும் சேர்ந்து ஒரு விண்வெளி உடுப்பு செய்துகொண்டிருந்தார்கள்.

நாங்கள் அப்போது மண்ணூர்பேட்டையில், எஸ்டேட் என்று நாங்கள் சொல்கிற அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு 'லைன் வீட்டில்' குடியிருந்தோம். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு, அவ்வளவுதான் வீடு. நைனாவுக்கு ரப்பர் கம்பெனியில் வாஷரும் கேஸ்கட்டும் அழுத்துகிற மிஷினில் வேலை. அம்மா துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் 'செக்கிங்'கில் இருந்தாள். தைத்து முடிந்த சட்டைகளை மேசைமேல் விரித்து, தோள் இவ்வளவு, கை இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று டேப்பால் அளந்து, கம்பெனி கொடுத்த அளவோடு ஒத்துப்பார்த்து, கால் அங்குலம் பிசகினாலும் ஒதுக்கித் தள்ளுகிற வேலை அது. மஞ்சள் டேப் அவள் கழுத்தில் ஜெபமாலைக்குப் பக்கத்திலேயே கிடக்கும், வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்ற அவளுக்குத் தோன்றாது. "உடம்புக்கு அளவு எடுக்கிறது டெய்லருங்க வேல. நாங்கோ அளவுக்குத்தான் துணி தைப்போம், உடம்ப நாங்கோ பாக்கிறதே கெடையாது" என்று அடிக்கடி சொல்வாள். கடல் தாண்டி எங்கோ இருக்கிற, ஒருபோதும் பார்க்கப்போகாத ஒருவருடைய தோளுக்குப் பதினாறு வருஷமாக அவள் சட்டை சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அந்தப் பழக்கம் இல்லாத வேறொரு வீட்டில் அப்படியொரு உடுப்பு உருவாகியே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் டிவியில் தமிழில் மொழிமாற்றிய ஒரு விண்வெளித் தொடர் ஓடும். கப்பல் பழுதானால் வெளியே போய்த் திருகாணி முடுக்கிவிட்டு வருகிற மெக்கானிக் ஒருவர்தான் அதில் எங்களுக்குப் பிடித்தவர். முதுகில் காற்று டேங்க் சுமந்துகொண்டு தொப்பு தொப்பென்று நடப்பார். எங்கள் தெருப் பிள்ளைகள் அவருக்கு 'டேங்கு மாமா' என்று பேர் வைத்திருந்தோம். மற்றப் பிள்ளைகளுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமையோடு சரி, என் அண்ணனுக்கு மட்டும் வாரம் பூராவும் அவர் நினைப்புதான். உடுப்பில் எந்த இடத்தில் எத்தனை குமிழ் இருக்கிறது, கையுறையின் மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும், தொடரின் கதையைக் கேட்டால்தான் விழிப்பான்.

ஸ்டீபன் என்னைவிட நான்கு வயது மூத்தவன், ஆனால் குள்ளம். பள்ளிக்கூட அசெம்பிளியில் வருஷா வருஷம் வரிசையில் முதல் ஆள் அவன்தான். பஸ்ஸில் கண்டக்டர்கள் கேட்காமலேயே பாதி டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள், அதனால் வகுப்பில் அவனுக்கு 'அரை டிக்கெட்' என்றே பெயர். பத்து வயதில் நான் அவன் காதுவரை வந்துவிட்டேன். அதைச் சொல்லிச் சீண்டினால் முறைப்பானே தவிர அடிக்க மாட்டான். உயரமாவதற்காகத் தினமும் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவான், தொங்கிக்கொண்டே பாடமும் படிப்பான்.

உடுப்பு செய்ய வேண்டுமென்று அவன் சொன்னபோது, தெர்மகோலில் ஏதோ ஒட்டி மாதாகோவில் ஆண்டு விழாவில் மாறுவேடம் போடப் போகிறான் என்றுதான் வீட்டில் நினைத்தோம். அவன் கேட்டது அது இல்லை. டிவியில் இருப்பது எப்படியோ அப்படியே, அதே அளவில் வேண்டும் என்றான். அளவை எங்கிருந்து எடுப்பது? அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்து சிடி கடையிலிருந்து அந்தத் தொடரின் சிடி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தான். அதில் ஒரு காட்சியில் டேங்கு மாமா கப்பலுக்குள் அந்த உடுப்போடு நேராக நின்றுகொண்டு ஒரு அவித்த முட்டையை உரிப்பார். அண்ணன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, நடுங்குகிற படத்தின்மேல் அம்மாவின் டேப்பை வைத்து, முதலில் முட்டையை அளந்தான், பிறகு ஆளை அளந்தான். டிவிக் கண்ணாடியில் கை படும்போதெல்லாம் சுரீர் சுரீரென்று இழுக்கும், அவன் "ஸ்ஸ்" என்றபடி அளந்துகொண்டே இருப்பான். கோழி முட்டை எந்த ஊரிலும் கோழி முட்டைதானே, அதன் நிஜ அளவு நம் வீட்டிலேயே இருக்கிறதே, மிச்சமெல்லாம் வெறும் கணக்குதான் என்பது அவன் கட்சி.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அது நாட்டுக்கோழி முட்டையாடா, வெள்ள முட்டையாடா?"

அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. நாட்டுக்கோழி முட்டை சிறியது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் டேங்கு மாமா எங்கள் தெரு ஆட்கள் உயரத்துக்குச் சுருங்கிவிடுவார். பண்ணைக்கோழியின் வெள்ளை முட்டையை வைத்தால் வாட்டசாட்டமாக நிமிர்ந்து, பூட்ஸும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறடிக்கு மேலே போய்விடுவார். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே தீர்ப்பு சொன்னான்: "விண்வெளிக்கு எவனும் நாட்டுக்கோழி எடுத்துக்கினு போவமாட்டான்மா. வெள்ள முட்டதான்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, கம்பெனியில் ஒரு புதுச் சரக்கின் அளவு வந்தால் எப்படித் தலையாட்டுவாளோ அப்படித் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அது அவளுடைய வேலையாகவும் ஆகிவிட்டது. அவனுக்கு இது தொளதொளவென்று இருக்குமே என்று நான்கூடக் கேட்டேன். அவள் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் எந்தத் துணியும் பிள்ளையின் உடம்புக்கு எடுத்ததில்லை. ஸ்கூல் யூனிஃபார்ம் என்றால் 'வளர்ற புள்ள' என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து, காலை மடித்து உள்ளே தைத்து, வருஷத்துக்கு வருஷம் ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவதுதான் வழக்கம். என் பாவாடைகளில் பிரித்த மடிப்புகள் கோடு கோடாகத் தெரியும். அதே மாதிரிதான் இதுவும், என்ன, கொஞ்சம் அதிகம் வளர வேண்டியிருக்கும்.

நிறத்தில்தான் பெரிய கூத்து நடந்தது. எங்கள் டிவிக்கு இடது பக்கம் நைனா ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்திருந்தார். அதிலிருக்கிற காந்தத்தால் திரையின் அந்த ஓரம் எப்போதும் பச்சையடித்தே கிடக்கும். டேங்கு மாமா முக்கியமான கட்டங்களில் அந்தப் பக்கமாகத்தான் நிற்பார். அதனால் எங்களைப் பொறுத்தவரை அவர் தலைக்கவசம் பாதி வெள்ளை, பாதி வெளிர்பச்சை. பக்கத்து வீட்டு டிவியில் முழுவதும் வெள்ளையாகத் தெரிகிறது என்று நான் ஓடிவந்து சொன்னபோது, "அவங்க டிவிதான் ரிப்பேரு" என்று அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அம்மாவும் அவன் பக்கம்தான். "சாம்பிள் இன்னா கலர் காட்டுதோ அதான் கலரு. நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது" என்றாள். வெளிர்பச்சையை அச்சாகக் கொண்டுவர அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

சாமான்களுக்குக் குறையே இல்லை, எஸ்டேட்டின் குப்பை எல்லாம் எங்கள் புதையல்தான். காயலான் கடையில் உடைந்த பிரஷர் மீட்டர்கள் கிடைத்தன, அவை மார்புப் பலகைக்கு. பம்ப் வந்த பெட்டிகளின் ஃபோம் தோளுக்கும் முழங்காலுக்கும். நைனா தன் கம்பெனியில் தேறாமல் போன ரப்பர் வளையங்களைக் கொண்டுவந்து தருவார், அவை கையுறைக்கும் உடுப்புக்கும் நடுவே. தலைக்கவசத்துக்குப் பெரிய பெயிண்ட் பக்கெட்டை வெட்டிச் சூடு காட்டி வளைத்தார்கள், முகத்துக்குக் கார் கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்பு ஃபிலிமை ஒட்டிய பிளாஸ்டிக் தகடு. என் பங்கு, ஒட்டிய இடத்தைச் சொல்யூஷன் காயும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது. நன்றாகப் பிடித்தால் "ரீட்டா கை கிளாம்பு மாதிரிடி" என்று அண்ணன் சொல்வான், நான் அதற்காகவே மரத்துப்போகும்வரை பிடித்திருப்பேன்.

ரெக்சின் மட்டும் வீட்டு மிஷினில் ஓடவில்லை, ஊசி முறிந்துகொண்டே இருந்தது. பூந்தமல்லியில் பைக் சீட்டுக் கவர் தைக்கிற கமால் பாயிடம் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். வெட்டிய துண்டுகளை விரித்துப் பார்த்த பாய், அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, யாருக்கு?"

"இவனுக்குத்தான் பாய்."

"இவனுக்கா? புள்ள இத்துனூண்டு கீறான். இந்த ஒரு கால்லயே அவன் முழுசா பூந்துடுவானே!"

"வளர்ற புள்ள. நீங்க அளவுப்படி அடிங்க."

பாய் தாடியைச் சொறிந்துகொண்டார். "இன்ஷா அல்லா வளரட்டும்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தார். அண்ணன் வெட்கத்தில் காது சிவக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐப்பசி மழை தொடங்குகிற சமயத்தில் உடுப்பு முடிந்தது. அதை மாட்டி வைக்க நைனா பைப்பில் ஒரு ஸ்டாண்டு வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார், தோள், இடுப்பு எல்லாம் அளவுப்படி. உடுப்பை அதில் மாட்டி, கீழே பூட்ஸை நிறுத்தி, மேலே தலைக்கவசத்தை வைத்ததும் எங்கள் சின்ன அறையில் இன்னொரு ஆள் வந்து நின்றுவிட்டார். நான் பயந்து அம்மாவின் பின்னால் போய்விட்டேன். அண்ணன் மட்டும் அதன் எதிரே போய், மிக அருகில் நின்று, அண்ணாந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். அவன் தலை அதன் மார்பு மீட்டர்வரைதான் வந்தது. திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தான், இப்படி ஒருநாள் ஆகப்போகிறேன் என்பதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

அந்த மாதமே அவனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு கொசுக் காய்ச்சல் என்றார்கள், ரத்தத்தில் ஏதோ அணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்றார்கள். எங்கள் தெருவில் அந்த மழைக்கு வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இவன் எழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அந்த அறையில் கிடத்தியபோது, பெட்டி சின்னதாக இருந்ததை நான் பார்த்தேன். அதன் தலைமாட்டில் அந்த உடுப்பு நின்றுகொண்டிருந்தது, அதை நகர்த்த வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு நகர்த்தாததை அதன்பிறகு எப்போதும் நகர்த்தவில்லை. ஒரே அறை என்பதால் அதன் காலடியில்தான் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம், நான் பரீட்சைக்குப் படித்தேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் வாசலில் திடுக்கிட்டு நிற்பார்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஒருமுறை "சார், கொஞ்சம் நகருங்க சார்" என்றே சொல்லிவிட்டார். அதன் முகக் கண்ணாடியில் எங்கள் மூன்று பேரின் உருவமும் எந்நேரமும் சின்னதாகத் தெரியும். நாங்கள் அதைப் பார்க்காதபோதும் அது எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் போகவில்லை. சனிக்கிழமைகளில் அம்மா ஈரத்துணியால் அதைத் துடைப்பாள், பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி கழுத்து மடிப்பு, அக்குள் எல்லாம் துடைப்பாள். வீட்டை மந்திரிக்க வந்த ஃபாதர் மூலைக்கு மூலை தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்து, அதன் எதிரே கை தூக்கியபடி தயங்கினார். "அதுக்கும் தெளிங்க ஃபாதர்" என்றாள் அம்மா. அவர் தெளித்தார், துளிகள் ரெக்சின்மேல் உருண்டு கீழே விழுந்தன.

நைனா ஒரே ஒருமுறை பேச்செடுத்தார். "எட்துடலாம் மேரி. பொண்ணு பயப்படுது" என்றார். அம்மா கோபப்படவில்லை, அழவுமில்லை. "அளவு இன்னும் செக் பண்ணலையேங்க. செக் பண்ணாத பீஸ எப்டி வெளிய அனுப்புறது?" என்றாள். கம்பெனியில் அதுதான் சட்டம், கடைசிச் செக்கிங் முடியாமல் ஒரு துணியும் வாசலைத் தாண்டக் கூடாது. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது நைனாவுக்குப் புரிந்தது. 

பிறகு நான் வளர ஆரம்பித்தேன். சும்மா வளரவில்லை, பன்னிரண்டு வயதுக்குமேல் பந்தலில் ஏற்றிவிட்ட கொடி மாதிரி ஏறினேன். யூனிஃபார்மில் பிரிக்க மடிப்பே மிஞ்சவில்லை. வெள்ளானூர்ப் பெரியம்மா ஒவ்வொரு தடவை வரும்போதும் தலையில் கை வைத்துக்கொள்வாள். "போதும் நிறுத்துடி. இப்டியே போச்சுன்னா மாப்ள ஏணி போட்டுத்தான் தாலி கட்டணும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அம்மா சிரிக்க மாட்டாள். அவள் எனக்குத் தினமும் முட்டை வைக்கத் தொடங்கினாள், பாலில் ஏதோ மாவு கலக்கிக் கொடுத்தாள், வீட்டு நிலையில் தொங்கச் சொன்னாள். இதெல்லாம் ஸ்டீபனுக்குச் செய்தவை. சனிக்கிழமை உடுப்பைத் துடைக்கும்போது ஏதாவது சாக்குச் சொல்லி என்னைப் பக்கத்தில் நிற்கவைப்பாள். உடுப்பின் தோளில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்து, அப்படியே சமமாக நகர்த்தி என் பக்கம் கொண்டுவருவாள். முதலில் அந்தக் கை என் நெற்றியில் வந்து இடித்தது. பிறகு மூக்கில், பிறகு வாயில், பிறகு தாடையில். கையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

எனக்கு அதில் உடம்பெல்லாம் எரியும். வாலிபாலில் மாவட்டக் கோப்பை வாங்கி வந்து கொடுத்தேன், "நல்லாயிருக்குதுடி" என்று சொல்லிக்கொண்டே அவள் கண் என்னிடமிருந்து வழுக்கி அந்த மூலைக்குப் போய்விட்டது. நான் பேசினால் கேட்பாள், ஆனால் என் தோள் எலும்பைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். கூப்பிடும்போது "ஸ்டீபா" என்று வாய் தவறிவிட்டுத் திருத்துவாள். தவறுவது வலிக்கவில்லை, திருத்துவதற்கு முன்னால் அவள் முகத்தில் வருகிற அந்த வெளிச்சம்தான் வலித்தது. எனக்கு அம்மா வேண்டியிருந்தாள், அவளுக்கு என்னிடமிருந்து அவன் உயரம் வேண்டியிருந்தது. அந்த உயரத்தை நான் எட்டிவிட்டால் என் கதி என்ன, ரீட்டா என்று ஒருத்தி அப்புறம் அந்த வீட்டில் மிஞ்சுவாளா என்று நான் உண்மையாகவே பயந்தேன். நடக்கும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தேன், கோச் திட்டினார்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். நைனா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கழுத்திலிருந்த டேப்பைக் கையில் எடுத்தாள்.

"ரீட்டா, அத்த ஒரு தபா போட்டுப் பாரு. அளவு செக் பண்ணிடலாம்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அவள் டேப்பின் நுனியை விரலில் பிடித்துக்கொண்டு, கம்பெனி மேசை முன்னால் நிற்கிற மாதிரி காத்து நின்றாள், நான் எழுந்தேன்.

நைனாதான் ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கொடுத்தார். கால் உள்ளே போனதும் பழைய சொல்யூஷன் வாசனை குப்பென்று ஏறியது. கை நுழைத்தேன், ஜிப்பை இழுத்தேன், பூட்ஸில் நின்றேன். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொளதொளக்கவில்லை. என் உடம்புக்கென்று அளவெடுத்து ஒரு துணிகூடத் தைத்ததில்லை என்று சொன்னேன் அல்லவா, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உடுப்பு என்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா கம்பெனியில் செய்கிற மாதிரியே வாய்க்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டு தோள் அளந்தாள், கை அளந்தாள், குந்தி உட்கார்ந்து கால் அளந்தாள். பிறகு ஒரு முக்காலியில் ஏறி, தலைக்கவசத்தைத் தன் கையாலேயே என் தலையில் இறக்கிப் பூட்டிவிட்டு, இறங்கி எதிரே வந்து நின்றாள்.

உள்ளே என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அம்மா இவ்வளவு சிறியவள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் நடுவகிடு நெற்றியிலிருந்து உச்சிவரை நரைத்திருந்தது, எதிரே நிற்கிறவன் உயரமாக இருந்தால் மட்டுமே அது கண்ணில் படும். ஸ்டீபன் வளர்ந்திருந்தால் தினமும் பார்த்திருக்கப் போவது இதைத்தான், அவன் பார்க்காமல் போய்ச் சேர்ந்ததும் இதைத்தான் என்று நினைத்தேன். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணாடியில் அவளுக்குத் தன் முகம்தான் தெரிந்திருக்கும். நைனா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டீபா" என்றாள். திருத்தவில்லை.

பதில் சொன்னால் என் குரல் வெளியே வந்துவிடும். ஆகவே தலையை மட்டும் ஆட்டினேன், அந்தப் பெரிய பக்கெட் முன்னும் பின்னும் அசைந்தது. அவள் உதடு கோணியது. எட்டி, இரண்டு கையாலும் அதன் கன்னத்தைப் பிடித்தாள், பச்சையில் ஒரு கை, வெள்ளையில் ஒரு கை.  உள்ளே நான் அழ ஆரம்பித்துவிட்டேன், மூச்சு இழுத்து இழுத்து விட்டதில் கண்ணாடி ஆவி பிடித்துப்போய் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"மூச்சு முட்டுதாடி?" என்றாள்.

என்னிடம்தான் கேட்டாள். அவசர அவசரமாக முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பூட்டைக் கழற்றித் தலைக்கவசத்தைத் தூக்கி நைனாவிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் என் முகம், மூக்கு, கழுத்து எல்லாம் அழுத்தித் துடைத்தாள். "இன்னாடி இது, இப்டி வேர்த்துக்கினு... வாயத் தொறந்து சொல்ல வேணாம்? எம் பொண்ணே..." என்று திட்டிக்கொண்டே துடைத்தாள். அப்புறம் டேப்பைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நைனாவிடம் சொன்னாள்: "அளவு கரெக்டா கீதுங்க. பாஸு."

உடுப்பைக் கழற்றியபோது என் கையெல்லாம், காலெல்லாம் மஞ்சள் தூளாக இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த ஃபோம் அத்தனை வருஷத்தில் நைந்துபோய், ஓர் ஆள் உள்ளே புகுந்து எழுந்ததில் மொத்தமாக உதிர்ந்துவிட்டிருந்தது. தோள் பிரிந்தது, ரெக்சின் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. ஒரே தடவை போட்டுக்கொள்ளத்தான் அதற்குத் தெம்பு இருந்திருக்கிறது. மறுநாள் அம்மா அந்த மூலையைக் கூட்டி, தூளை முறத்தில் அள்ளினாள். மீட்டர்களும் ஸ்டாண்டும் காயலான் கடைக்குப் போயின. நான் இரண்டு முறை தலைக்குக் குளித்தும் காதுக்குள்ளிருந்து மஞ்சள் தூள் வந்துகொண்டேயிருந்தது.

இப்போது மண்ணூர்பேட்டையில் அந்த லைன் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. நைனாவின் ரப்பர் கம்பெனியைக் குடோன் ஆக்கிவிட்டார்கள். கமால் பாயின் கடை மேம்பாலத்துக்காக ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டது. அந்தத் தொடர் கைப்பேசியிலேயே கிடைக்கிறது, துல்லியமாகத் தெரிகிறது, தலைக்கவசம் சுத்த வெள்ளை. அந்த மாதிரி உடுப்பை இன்று யார் வேண்டுமானாலும் தங்கள் உடம்பளவைக் கொடுத்து ஆர்டர் செய்துகொள்ளலாமாம், நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிடுமாம். யாரும் முட்டையை அளக்க வேண்டியதில்லை.

நைனா காலமான பிறகு அம்மா எங்களோடு வேப்பம்பட்டில் இருக்கிறாள். என் உயரத்தால் எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது, என்னைவிட இரண்டு விரற்கடை குட்டையான, அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாத ஒரு கணவரும் கிடைத்தார், ஏணியெல்லாம் தேவைப்படவில்லை. அம்மா இப்போது என்னிடம் பேசும்போது என் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறாள். காய் வாங்கினியா, டீ போடட்டுமா, ஏன் லேட்டு என்று எல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பாள். பேச்சு முடிகிற சமயத்தில் மட்டும் பார்வை மெல்ல மேலேறி, என் உச்சிக்கு ஒரு சாண் மேலே, அந்தத் தலைக்கவசம் முடிகிற உயரத்தில் போய், ஒரு நொடி நின்றுவிட்டு இறங்கும். எனக்கு அது பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் என் கணவர்தான் அதைக் கவனித்துவிட்டு, சமையலறையில் ரகசியமாகக் கேட்டார்.

"அத்த ஏன் எப்பவும் உன் தலைக்கு மேல பாக்குறாங்க?"

"அங்க எங்கண்ணன் நிக்கிறான்" என்றேன்.

அவரும் அண்ணாந்து பார்த்தார்.